தாத்தா மறந்த தமிழ்

நான் மருத்துவம் படிப்பவன் அல்லேன்; வணிகவியல் மாணவன். ஐந்தொகையும் இலாப நட்டக் கணக்குமே என் உலகம். அப்படிப்பட்டவன் மூளையைப் பற்றி எழுத முன்வந்தது கண்டு நகைக்க வேண்டா. வீட்டில் நேர்ந்த ஒன்று என் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டது.

என் தாத்தா 1968இல், இருபது வயதில், ஆரணியை விட்டுப் பெங்களூர் வந்தவர். அல்சூரில் மளிகைக் கடை வைத்து நாற்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். கடையில் கன்னடம், வீட்டில் தமிழ். பேரப்பிள்ளைகள் வீட்டுக்குள் பிறமொழியில் ஒரு சொல் சொன்னாலும், "ஏன், தமிழ் செத்துப் போச்சா?" என்று அதட்டுவார்.

சென்ற மார்கழியில் ஒரு காலை, காப்பித் தம்ளர் அவர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. பாட்டி ஏதோ கேட்டாள்; பதில் இல்லை. முந்திய இரவு செலவுக் கணக்குப் பற்றி இருவருக்கும் சிறு பூசல். "கோவமா இருக்காரு, விடு பாட்டி" என்று சொல்லிவிட்டு நான் கல்லூரிக்குப் போய்விட்டேன். மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால், கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்பதைப் பின்னர் அறிந்தேன். நாங்கள் மருத்துவமனையை அடைந்தபோது ஒன்பது மணி நேரம் கடந்திருந்தது. அந்தக் கணக்கை மட்டும் என்னால் இன்னும் முடிக்க இயலவில்லை.

மூன்று வாரம் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள் ஆரணியிலிருந்து அத்தைப் பாட்டி, தன் அண்ணனைப் பார்க்க வந்தாள். அவளைக் கண்டதும் தாத்தாவின் முகம் மலர்ந்தது, வாய் திறந்தது, "பன்னி!" என்றார். "ஏழு மணி நேரம் பஸ்ஸுல வந்திருக்கேன், என்னைப் பார்த்துப் பன்னிங்கிறாரே!" என்று அவள் அழாத குறை. கன்னடத்தில் 'பன்னி' என்றால் 'வாருங்கள்' என்று பொருள். அம்மா விளக்கியதும் அத்தைப் பாட்டி சிரித்துவிட்டாள். பாட்டி சிரிக்கவில்லை. "அம்பது வருஷம் எங்கூடப் பேசின தமிழ் போயிடுச்சு, கடைக்கு வந்தவங்களோட பேசினது மட்டும் நிக்குது" என்றாள், அவர் எதிரிலேயே. நானும் அப்படியேதான் எண்ணினேன், சொல்லவும் சொன்னேன்.

இந்நிலையில் நண்பன் ஒருவன் என்னை ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தின் மூளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றான். இறந்தோரின் குடும்பத்தார் அளிக்கும் மூளைகளை ஆராய்ச்சிக்காகப் பேணும் மூளை வங்கி அங்கே 1995 முதல் இயங்கிவருகிறது. காட்சிக்கூடத்தில் கையுறை மாட்டிக்கொண்டு உண்மை மூளையைத் தொட்டுப் பார்க்கலாம். என் கையிலும் ஒன்றை வைத்தார்கள். ஒன்றே கால் கிலோவுக்கு மேலிருக்கும். தாத்தா கடையில் பொட்டலம் கட்டிப் பழகிய கை எனக்கு. உயிருள்ள மூளை கெட்டித் தயிர்போல் குழைவானதாம். ஃபார்மலினில் ஊறிய இதுவோ ரப்பரைப் போல் இறுகியிருந்தது.

அதன் மேற்போர்வைதான் பெருமூளைப் புறணி. புறணி என்றால் மரப்பட்டை. ஊரார் பேசும் புறணியும் இதிலிருந்துதான் பிறக்கிறது என்பது வேறு கதை! கனம் இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர்தான். விரித்தால் செய்தித்தாளின் ஒரு பக்க அளவு தேறும். மண்டையோட்டுக்குள் அடங்கவேண்டி மடிந்து மடிந்து கிடப்பதால், மூன்றில் இரு பங்கு மடிப்புகளின் இடுக்கில் மறைந்துவிடுகிறது. அந்த மெல்லிய தோலில் ஏறத்தாழ 1,600 கோடி நரம்பணுக்கள், பெரும்பகுதியில் ஆறு அடுக்குகளாக! பார்வைக்குப் பின்புறம், தொடுவுணர்வுக்கு உச்சி, கேள்விக்குப் பக்கவாட்டு மடல் என்று இடங்கள் உண்டு.

விளக்கிய ஆய்வாளர் இடப்புற நெற்றி மடலின் பின்கீழ்ப் பகுதியில் விரலை வைத்தார். 1861இல் பாரிசில் புரோக்கா என்னும் மருத்துவர் நோயாளி ஒருவரைக் கண்டார். அவர் வாயில் பெரும்பாலும் 'டான்' என்னும் ஓரசையே வரும். அவர் இறந்தபின் மூளையைத் திறந்து பார்க்க, பழுது இவ்விடத்தில் இருந்தது. பேச்சைத் தொடுத்து வெளியிடும் இடம் இது. முகத்தையும் கையையும் இயக்கும் பகுதி இதை ஒட்டியே இருக்கிறது. இடப்பக்கம் வலக்கையை ஆள்கிறது. தம்ளர் நழுவியதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"பன்னி மட்டும் எப்படி ஐயா தப்பியது?" என்று கேட்டேன். பல்லாயிரம் முறை சொல்லித் தேய்ந்த முகமன் உரைகளும், எண்ணுவதும், பாட்டும் இத்தகையோரிடம் பெரும்பாலும் எஞ்சி நிற்கும் என்றார். புதிதாய் ஒரு வாக்கியம் கோப்பதுதான் கடினமாம். அது மொழிப்பற்றின் அளவுகோல் அன்று. பல மொழி அறிந்ததால் தீங்கு வந்ததோ என்றும் ஐயுற்றேன். ஐதராபாத்தில் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவைச் சொன்னார். நோய்க்குப் பின்னும் அறிவுத்திறன் குன்றாதிருந்தோர், இருமொழியாளரில் நூற்றுக்கு நாற்பது, ஒருமொழியாளரில் இருபது. பேச்சிழப்பு மட்டும் இருசாராரிடமும் ஏறத்தாழ ஒரே அளவுதான்.

பிறகு விரலைக் காதுப்புற மடலுக்கு நகர்த்தினார். கேட்ட சொல்லின் பொருளை உணர்த்தும் பகுதி இது. 1874இல் ஜெர்மானியரான வெர்னிக்கே காட்டியது. "இது பழுதுபடாவிட்டால், பேச முடியாதவருக்கும் நாம் பேசுவது பெரும்பாலும் புரியும்" என்றார் அவர்.

என் கையில் மூளை கனத்தது. அப்படியானால் அந்த மூன்று வாரமும், அதன் பின்னும், பாட்டி அழுததையும் நான் சொன்னதையும் தாத்தா கேட்டுக்கொண்டே படுத்திருந்தாரா?

நேரே அல்சூருக்குப் போனேன். தாத்தா சன்னலோரம் சாய்ந்திருந்தார். வாசலில் நின்றபடி, "தாத்தா, நான் சொன்னதெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டேன். அவர் தலையை மெல்ல அசைத்தார். உதடு கோணிற்று, எதையோ தேடினார், கண்ணில் நீர் கட்டிற்று. கடைசியில் கிடைத்ததைச் சொன்னார்.

"பன்னி."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவர் அருகில் உட்கார்ந்தேன்.