தரையில் உட்கார்ந்தவருக்குக் கட்டிய வீடு

செட்டிநாட்டு வீட்டை நின்றபடி பார்க்கிறவருக்குப் பாதி வீடுதான் கண்ணில் படும். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் இப்போது வேனில் வந்து இறங்குகிறவர்கள் முகப்பில் நின்று தூண்களைப் படம் எடுக்கிறார்கள். வளவு என்கிற நடுமுற்றத்தில் நின்று வானத்தைப் படம் எடுக்கிறார்கள். அரைமணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களிடம் எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒன்றுதான்: உட்காருங்கள். முடிந்தால் தலைக்கு எதையாவது வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுங்கள். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் தங்கள் காசையும் ரசனையையும் கொட்டியது தரையிலும் விட்டத்திலும்தான்.

எங்கள் ஆயா வீடு பள்ளத்தூரில். நடிகை மனோரமா வளர்ந்த ஊர் என்றால் பலருக்குச் சட்டென்று பிடிபடும். ஆத்தாவைப் பெற்றவர் ஆயா, அப்பச்சியைப் பெற்றவர் அப்பத்தா. எங்கள் பக்கத்து முறை அது. 1970களில் பள்ளி விடுமுறை விட்டதும் செட்டிநாடு ரயிலடியில் இறங்கி மாட்டுவண்டியில் போவோம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணற்றடி எல்லாம் நூல் பிடித்தாற்போல் போகும். முன்வாசல் நிலையில் நின்றால் கொல்லையில் யார் துணி உலர்த்துகிறார்கள் என்று தெரியும்.

அத்தனை பெரிய வீட்டில் நாற்காலி என்று தேடினால் முகப்பில் நாலைந்து இருக்கும். அதிகாரிகள் யாராவது வந்தால் போட. மற்றபடி வீட்டார், உறவினர், கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் தரைதான். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் உண்டு. புள்ளிக்கு ஓர் அறை. கல்யாணமான மகனும் அவன் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஒரே கூரைக்குள் புள்ளிக்கு ஓர் அடுப்பும் தனியாக எரியும். ஆனால் அந்த அறைகளில் குடியிருந்தவை பெரும்பாலும் சாமான்களே. சீராக வந்த பித்தளை அண்டா, வெள்ளிப் பாத்திரம், சுவீடன் எனாமல் தூக்கு, ஜப்பான் எனாமல் தட்டு, பட்டுச் சேலைப் பெட்டி. மனிதர்கள் இருந்ததும் பேசியதும் தூங்கியதும் பட்டாலை என்கிற கூடத்தில், வளவின் ஓரத்தில்.

இரவு பாய் விரித்துப் படுத்தால் வீட்டின் வேறு முகம் தெரியும். மேலே பர்மாத் தேக்கு உத்திரங்கள், அவற்றுக்கிடையே வண்ணம் தீட்டிய பலகைகள். கொடியோடு கொடி பின்னிப் போகிற பூவேலை. தூங்குமுன் அதில் கிளிகளை எண்ணுவது எங்கள் விளையாட்டு. அந்தக் கிளிகள் நிற்கிறவர் கழுத்தை வளைத்துப் பார்ப்பதற்காக வரையப்பட்டிருக்க முடியாது என்பது எனக்கு இன்றும் உறுதி. சுவரில் மாட்டியிருந்த படங்களும் அப்படித்தான். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் உயரத்தில் இருந்தார்கள். கயிறு கட்டி, மேல்பக்கம் முன்னால் சாய்த்து மாட்டியிருந்தார்கள். பெல்ஜியம் கண்ணாடியும் அதே சாய்வில்தான். நின்று பார்த்தால் அதில் உங்கள் உச்சந்தலை தெரியும். தரையில் உட்கார்ந்து நிமிர்ந்தால் நீங்களும் பக்கத்தில் இருப்பவரும் பின்னால் இருக்கும் தூண் வரிசையும் ஒன்றாகத் தெரிவீர்கள்.

சுவரும் முதுகு சாய்ப்பதற்கென்றே பூசியது. சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து அரைத்து, பல பூச்சாக ஏற்றித் தேய்த்த சுவர். சித்திரை வெயிலிலும் முதுகுக்குச் சில்லென்று இருக்கும். ஒவ்வோர் ஆச்சிக்கும் சாய்வதற்கென்று ஓர் இடம் உண்டு. அந்த உயரத்தில் சுவர் இன்னும் கூடுதலாகப் பளபளக்கும்.

தரையைப் பற்றிச் சொல்ல எனக்கு இந்த இடம் போதாது. முகப்பில் இத்தாலிய சலவைக்கல், பட்டாலையில் ஆத்தங்குடிக் கல். சலவைக்கல் கப்பலில் வந்தது. ஆத்தங்குடிக் கல் பக்கத்து ஊரில் செய்தது. விருந்தாளிக்கு முன்னால் இருப்பது சலவைக்கல்தான் என்றாலும் ஆயாவுக்குப் பெருமை ஆத்தங்குடிக் கல்லில். அது செய்கிற விதத்தைச் சின்ன வயதில் பார்த்ததிலிருந்து எனக்கும் அப்படியே. முதலில் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் வளைத்த தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். சிவப்பு இதழ், மஞ்சள் நடு, பச்சை இலை. அச்சை மெல்லத் தூக்கிவிடுவார்கள். ஒரு நிறம் இன்னொன்றில் ஓடாமல் அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவினால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேலே சாந்து போட்டு மட்டம் செய்து காயவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைப்பார்கள். சூளையே கிடையாது. காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவிடும். இவ்வளவு நேரமும் தலைகீழாகப் படுத்திருந்த பூ அப்போதுதான் முகம் காட்டும். கண்ணாடியின் வழவழப்பு முழுவதும் அந்த முகத்துக்கு வந்திருக்கும்.

பதித்த புதிதில் உமி போட்டுத் தேய்ப்பார்கள், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். அப்புறம் அதை மெருகேற்றுவது மனிதர்கள்தான். நடமாட்டம் இருக்கிற வரை பளபளக்கும், வீடு பூட்டிக் கிடந்தால் மங்கிவிடும்.

ஏன் எல்லாம் தரைமட்டத்திலேயே என்று ஒருநாள் ஐயாவிடம், அதாவது ஆயாவின் கணவரிடம், கேட்டேன். அவர் சிறுவயதிலேயே பெட்டியடிப் பையனாக ரங்கூன் வட்டிக்கடைக்குப் போய் அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்பியவர். "கிட்டங்கியிலயும் தரைதான் ஆத்தா" என்றார், வேறு எப்படி இருக்க முடியும் என்கிற குரலில். ரங்கூன் மொகல் தெருவின் கிட்டங்கிகள் நீண்ட கூடங்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு பாய். பகலில் பெட்டி மேசை, இரவில் பாய் படுக்கை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு வயல்கள் 1930களின் பிற்பகுதியில் வட்டிக்குக் கடன் கொடுத்த எங்கள் நகரத்தார் சமூகத்தின் கைக்கு வந்திருந்தன. கடன் வாங்கிய பர்மிய உழவன் விலைவீழ்ச்சியில் நிலத்தை இழந்த கதையும் அதற்குள் இருக்கிறது. எங்கள் விட்டத்துத் தேக்கைப் பற்றிப் பேசும்போது அதையும் சொல்லியாக வேண்டும். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அதன்பிறகு வரவு நின்றது, 1962 ராணுவ ஆட்சிக்குப் பின் மிச்சமும் போயிற்று. பள்ளத்தூர் வீட்டில் பர்மா மிச்சம் வைத்தவை விட்டமும், ஆயாவின் அரக்கு வெற்றிலைப் பெட்டியும், கல்யாணத்துக்குக் கல்யாணம் பொங்குகிற கவுனி அரிசியும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் பாய் விரிப்பார்கள். அடுத்து செம்பில் தண்ணீர். "வாங்க, வாங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு அதுவரை கிடையாது. வந்த காரியத்தை உடனே கேட்பது பெரிய மரியாதைக் குறைவு. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, காம்பு கிள்ளி, முதுகில் நரம்பெடுத்துச் சுண்ணாம்பு தடவுகிற நேரத்தில் வந்தவரே சொல்லத் தொடங்குவார். சாயங்காலம் வந்தவருக்கு இடைப்பலகாரம். ஆயா வீட்டில் அது பெரும்பாலும் வெள்ளைப் பணியாரம்.

அதற்கு அளவு ஒரு டம்ளர்தான். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே டம்ளரில் அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். நிற்கிற வரை உளுந்து. சரிந்தால் போதும் என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்தே ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, கொஞ்சம் பால், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றினால் அடியில் போய் ஒரு நொடி நின்று, ஓரம் மடிப்பு மடிப்பாக விரிய மேலே வரும். ஒவ்வொன்றாகத்தான் சுட வேண்டும், சிவக்கவே கூடாது. வரமிளகாய்த் துவையலோடு அதை வாழையிலை நறுக்கில் வைத்துத் தருவார்கள். சுட்டவரும் அதற்குள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு அது மிக முக்கியமாகப் படுகிறது. மேசைக்கு மேலே குனிந்து பரிமாறுகிறவர் விருந்தாளியோடு சமமாக முகம் பார்க்கச் சற்று நேரமாகும். தரையில் அந்த இடைவெளியே கிடையாது.

அலங்காரம் என்று தனியாக ஒருநாள் செய்தார்கள் என்றால் அது நடுவீட்டுக் கோலம். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் போடுவது. வாசல் கோலம்போல் பொடியில் இழுப்பதில்லை. ஊறவைத்து அரைத்த அரிசிமாவுக் கரைசலில் சிறு துணியை நனைத்து விரல்களுக்குள் பிடித்துக்கொண்டு, மோதிர விரல் நுனி வழியாக மாவை இறக்கி இழுக்க வேண்டும். ஆயா ஒரு தடவை குந்தினால் ஒரு பக்கத்துக் கோடு முழுவதையும் இழுத்துவிட்டுத்தான் எழுவார். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, காயக் காய வெண்மை ஏறும். சிவப்புக் கல்லின் மேல் அந்த வெள்ளை வந்தபின் அடுத்த இரண்டு நாளும் வீடே சுற்றி நடக்கும்.

பிள்ளையார் நோன்பு இன்னொரு பெருநாள். கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொரு நாள், இருபத்தொரு நூலில் திரித்த இழை. கடைசி நாளன்று இனிப்பு மாவைப் பிடித்துப் பிள்ளையாராக்கி, அதில் இழையை வைத்துச் சுடர் ஏற்றி, சுடரோடேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை நாட்டில் எத்தனை கடை வைத்திருந்தாலும் அன்று வீட்டின் மூத்தவர் முன்னால் வரிசையாக உட்கார்ந்துதான் இழை எடுப்பார்கள். பலகாரங்கள் சுற்றிலும் பனையோலைக் கொட்டான்களில் இருக்கும். பச்சையும் ஊதாவும் சாயமேற்றிப் பின்னிய கொட்டான்கள். வாய்ப்பக்கம் மணி கோத்தவை விசேஷத்துக்கு மட்டும்.

பல வீடுகள் இப்போது இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பார்த்தால் நிலைகளும் தூண்களும் எனாமல் தட்டுகளும் கடை கடையாக அடுக்கிக் கிடக்கின்றன. பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில். ஓடு மாற்றக்கூடக் காசு சேராத வீடுகளை விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆத்தங்குடிக் கல்லுக்கு இன்று சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல கிராக்கி. எனக்கு அதில் சந்தோஷம்தான், பட்டறைகள் பிழைக்கின்றன. ஆனால் பதித்த கையோடு முக்கால்வாசித் தரையைச் சோபாவாலும் கம்பளத்தாலும் மூடிவிடுகிறார்கள். கல்லில் இருக்கும் வேலை கல்லுக்கு மூன்றடிக்குள் கண் இருப்பவருக்காகச் செய்தது.

எங்கள் ஆயா வீடு புள்ளிகள் பெருகியும் பிரியாமல் இன்னும் பொதுவில் இருக்கிறது. போன மழையில் வளவு ஓரத்தில் சில கற்கள் பெயர்ந்துவிட்டன. உடைந்த ஒன்றை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனேன். பட்டறைக்காரர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அச்சு இன்னும் தன்னிடம் இருக்கிறது என்றார், சிவப்பு மட்டும் பழையதைப்போல வர இரண்டு மூன்று தடவை கலந்து பார்க்க வேண்டும் என்றார். "வீட்ல ஆள் இருக்காகளா?" என்று கேட்டார். தை மாதம் கல்யாணம், ஊரெல்லாம் வருவார்கள் என்றேன். "அப்ப ஐப்பசியிலயே பதிச்சிருங்க ஆச்சி. கல்யாணத்துக்குள்ள நாலு பேர் கால் பட்டாத்தான் பழைய கல்லோட சேரும்" என்றார். மாமன் பிள்ளைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. ஐப்பசியில் யார் யார் முன்னதாக வந்து தங்குவது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.