பூனை வாயில் எலி

கடந்த மழைக்காலத்தில் ஓர் இரவு. பங்கு இல்லத்துக் குசினியில் வளரும் பூனை, சுண்டெலி ஒன்றைக் கவ்வி வந்து நம் காலடியில் விட்டது. விடுவதும் பிடிப்பதுமாக அது விளையாடியதைக் காணப் பொறாது, எலியை மீட்டுத் துளையிட்ட டப்பாவில் வைத்தோம், பூனையைக் கடிந்துகொண்டோம்.

சமையற்காரர் சிரித்தார். "சாமி, நேற்றுத்தானே எலிப்பொறி வாங்கி வரச் சொன்னீர்கள்?" நம்மிடம் மறுமொழி இல்லை.

பூனையைக் கடிந்தது தவறே. எலியும் கடிக்குமாதலால், அதைக் களைக்கச் செய்த பின்னர்ப் பூனை கழுத்தைக் கவ்வுவதுண்டு. வயிறு நிறைந்திருப்பினும் வேட்டை உணர்வு அடங்காது. பூனையின் வாயிலுள்ள கிருமிகள் சிறு காயத்தின் வழியாகவும் எலியைக் கொல்லக்கூடும். எலியின் சிறுநீரால் நமக்கும் எலிக்காய்ச்சல் பரவக்கூடும், வெறுங்கையால் தொடலாகாது.

விடியலில் டப்பாவைத் திறந்தோம். எலி இறந்து கிடந்தது. சற்று நேரத்தில் முடிந்திருக்கும் வேதனையை ஓர் இரவுக்கு நீட்டியது நம் இரக்கமே. கண்முன் துடிப்பதற்கு இரங்கி, கண்மறைவில் பொறி வைக்கும் நெஞ்சம் நம்முடையது.

அன்றே அரிசிப் பானைக்கு மூடியிட்டோம். சுவரிலிருந்த வளையையும் அடைத்தோம். அன்பர்களே, இரக்கம் வேட்டைக்கு முன்னரே தொடங்க வேண்டும்.