நிழல் தராத மரங்கள்

வியாழன் இரவு, புதுச்சேரி சாரம்

அலுவலகத்தில் எல்லோரும் மலைக்குப் போகிறார்கள். ஊட்டி, ஏற்காடு, கையில் கொஞ்சம் தாராளமாக இருப்பவர்கள் மூணாறு. மே மாத அறை வாடகையைக் கேட்டாலே எனக்கு வியர்க்கிறது. "நீங்க எங்க?" என்றவர்களிடம் திருவக்கரை என்றேன். "பௌர்ணமியா?" என்றார்கள். பௌர்ணமி இல்லை, அதனால்தான் போகிறேன். பௌர்ணமி நள்ளிரவில் வக்ரகாளிக்கு ஜோதி காட்டும்போது அந்த ஊரில் கால் வைக்க இடமிருக்காது, சிறப்புப் பேருந்தெல்லாம் விடுவார்கள். மற்ற நாளில் அது வானூர் வட்டத்தில் இருக்கும் ஒரு செம்மண் கிராமம், அவ்வளவுதான்.

கூட வேலை பார்க்கும் தோழியின் அத்தை அங்கே பக்கத்து ஊரில் இருக்கிறார். "லாட்ஜெல்லாம் கிடையாது, அத்தைகிட்ட சொல்லிட்டேன். ஆனா வெயில் தாங்குவியாடி?" என்றாள். தலைக்கு மேல் வெறும் கான்கிரீட் தளத்தோடு மாடியில் குடியிருக்கிறவளிடம் கேட்கிற கேள்வி! அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. மொட்டை மாடியில் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் ராத்திரி பத்து மணிக்குத் தரை சுடுகிறது.

வெள்ளி காலை, பஸ்ஸில்

சாரத்திலிருந்து டெம்போ, பிறகு திருக்கனூர் போகும் தனியார் பஸ். சன்னலோரம் கிடைத்தது, கிழக்குப் பக்கச் சன்னல் என்பதால் கிடைத்தது. கிராமத்துப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் முதலில் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

வில்லியனூர் தாண்டிவிட்டால் எது புதுச்சேரி, எது தமிழ்நாடு என்று தெரிந்துகொள்வது லேசான காரியமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கையில் துண்டு துண்டாக இருந்த ஊர்கள் அப்படியே யூனியன் பிரதேசமாகிவிட்டன. ஒரு வயல் அங்கே, அடுத்த வயல் இங்கே. எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம்: ஒயின்ஷாப் வரிசையாக வந்தால் நம்மூர், திடீரென்று நின்றுபோனால் தமிழ்நாடு.

திருக்கனூர் நம்மூர்தான், சந்தேகமே இல்லை.

அங்கே இறங்கி டீக்கடைக்காரரிடம் அடுத்த பஸ் எப்போது என்றேன். "வரும்மா" என்றார். எத்தனை மணிக்கு? "வர்ற நேரந்தான்." அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை. கடைசியில் அத்தைக்குத் தெரிந்த ஷேர் ஆட்டோதான் வந்தது.

வெள்ளி மாலை

திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்கு மூன்றரை மணிக்குமேல் போ என்றார் அத்தை. அதற்கு முன்னால் போனால் கல்லைத் தொட முடியாது, செருப்போடு நின்றாலே பாதம் வேகும்.

இந்தப் பூங்கா தேசிய புவியியல் நினைவுச்சின்னம்; இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கையில் இருக்கிறது. பரப்பு 247 ஏக்கர் என்று கணக்கு. அது ஒரே வளாகம் அல்ல, தனித்தனித் துண்டுகள். நாம் உள்ளே போய்ப் பார்ப்பதற்குத் திறந்து வைத்திருப்பது அதில் ஒரு சிறு பகுதி. செம்மண் மேட்டில் புதர்கள், நடுவே அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. சில 3 மீட்டர், சில 15 மீட்டர் வரை. தூரத்திலிருந்து பார்த்தால் சாமில்லுக்கு ஏற்றாமல் போட்டுவிட்டுப் போன மரம் என்றுதான் நினைப்போம். பட்டை தெரிகிறது, கணு தெரிகிறது, நார் ஓடிய வாக்கு தெரிகிறது. தட்டினால் கல். இவை கல்லாகி 2 கோடி ஆண்டு இருக்கும் என்று சொல்கிறார்கள்.

எந்த மரத்துக்கும் வேர் இல்லை, கிளை இல்லை, இலையும் இல்லை. இவை இங்கே வளர்ந்தவை அல்ல என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் சாட்சி அதுதான். எங்கோ மேற்கே வளர்ந்தவற்றைப் பெருவெள்ளம் பெயர்த்து, உருட்டி, கிளை முறித்துக் கொண்டுவந்து ஆற்று மணலில் புதைத்திருக்கிறது. காற்று படாததால் மட்கவில்லை. மண்ணுக்குள் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு கண்ணறையிலும் புகுந்து, மரம் இருந்த இடத்தில் அச்சு அசலாகக் கல் உட்கார்ந்துவிட்டது. இந்த மணற்கல் அடுக்குக்குக் கடலூரின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இவற்றை 1781இல் முதலில் பதிவு செய்தவராகச் சொல்லப்படுபவர் பியேர் சொன்னெரா, பிரெஞ்சு இயற்கையியலாளர். அவருடைய இந்தியப் பயண நூல் அடுத்த ஆண்டு பாரிசில் வெளிவந்தது. சதுப்புநில மரங்களில் சொன்னரேஷியா என்றொரு பேரினம் இருக்கிறதே, அது இவர் பெயர்தான். ஏ.சி. காரா, மினரல் வாட்டரா? இந்த வெயிலில் எதில் வந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே வேப்பமரத்தடிக்கு ஓடினேன். 2 கோடி ஆண்டு மரங்கள் இத்தனை கிடந்தும் ஒதுங்குவதற்கு அந்த ஒரு வேம்புதான் உதவியது.

என்னைத் தவிர பைக்கில் வந்த ஒரு ஜோடி மட்டும். செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இதே நேரம் நடக்க இடமிருக்காது. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

சனி, காலை

விடிந்ததும் கோயில். எட்டு மணிக்குமேல் பிரகாரத்துக் கல்லில் ஓட வேண்டியிருக்கும் என்பதால் சீக்கிரமே போனேன்.

சந்திரமௌலீசுவரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில்களில் ஒன்று. கருவறையில் மும்முக லிங்கம். ஆனால் கூட்டமெல்லாம் முன்னால் இருக்கும் வக்ரகாளி சன்னிதியோடு நின்றுவிடுகிறது. எலுமிச்சை மாலை, குங்குமம், வேண்டுதல், எல்லாம் அவளுக்கே. சோழப் பேரரசி பொன்னும் பொருளும் கொடுத்துக் கட்டிய சிவன் சன்னிதியில் நானும் குருக்களும் மட்டும். "வெளியூரா? கல்மரம் பாத்தாச்சா?" என்று அவரே கேட்டு, மூன்று முகங்களிலும் தீபம் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். அவசரமில்லாத ஒரு தரிசனம் பௌர்ணமியில் கிடைத்திருக்காது.

பக்கத்தில் சங்கராபரணி. செஞ்சிப் பக்கத்து மலைகளில் புறப்பட்டு எங்கள் ஊருக்குத் தெற்கே கடலில் சேரும் ஆறு. மே மாதத்தில் மணல்தான் ஓடுகிறது.

சனி, மதியம்

பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை ஊர் உள்ளே போய்விடும். நாய்கூடச் சாக்கடை ஈரத்தைத் தேடிப் படுத்திருக்கிறது. திண்ணையில் நான், கயிற்றுக் கட்டிலில் அத்தை. கேழ்வரகுக் கூழ், வெங்காயம், சுட்ட கருவாடு. கரண்ட் போய் வெகுநேரமாயிற்று. விசிறி மட்டை என் கையில் இருந்தது. எப்படியோ அத்தை கைக்குப் போய், அவர் எனக்கு விசிறிக்கொண்டிருக்கிறார்.

குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். குடம், அண்டா, தவலை எல்லாவற்றிலும் பிடித்து வைத்திருக்கிறார். நேற்று இரவு வியர்வை தாங்காமல் நான் இரண்டாம் முறை குளித்தேன். "குளிம்மா, என்ன இப்ப" என்றார். இன்று காலை அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வாளி பாதிதான் இருந்தது.

நோட்டில் செலவுக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். டெம்போ, பஸ், ஆட்டோ, கோயில் எலுமிச்சை, இளநீர். மூணாறில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் பணம். குறைந்த செலவில் ஊர் சுற்றுகிறோம் என்று நாங்கள் பெருமை பேசிக்கொள்வதில் பாதி, அத்தை மாதிரி யாரோ ஒருத்தருடைய தண்ணீர், பாய், விசிறிக்கை. அவரிடம் பணம் நீட்ட முடியாது, கோபித்துக்கொள்வார். திருக்கனூர்க் கடையில் மளிகை வாங்கி வந்திருந்தேன். "இதெல்லாம் எதுக்குடி" என்று திட்டிவிட்டுத்தான் வாங்கி வைத்தார்.

சனி, இரவு

சாயங்காலம் கிரஷர் பக்கம் நடந்தேன். திருவக்கரையைச் சுற்றி கருங்கல் குவாரிகள் நிறைய. ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் சாலையை நிறைத்துக்கொண்டு போகின்றன. சாலையோர வேலி, புளியமரம், கூரை எல்லாவற்றிலும் சாம்பல் பூத்த மாதிரி தூசி. மரத்தைக் கல்லாக்க இயற்கைக்கு அவ்வளவு காலம் வேண்டியிருந்தது. கல்லைப் பொடியாக்க இங்கே ஒரு மதியம் போதும். கல்மரங்களுக்கு வேலியும் காவலும் போட்டிருப்பது எவ்வளவு அவசியம் என்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தால்தான் உறைக்கிறது.

பூங்காவே அழகாக இல்லை, ஒன்றுமே செய்யவில்லை என்று புதுச்சேரியில் சிலர் குறைப்பட்டுக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் குறையில்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கல்மரம் இதைவிடப் பழையது, டைனோசர் காலத்தது. அதற்கும் அலங்காரம் தேவைப்படவில்லை. ஆனால் வெயிலில் வருகிறவர்களுக்குக் குடிநீர், சுத்தமான கழிப்பறை, நிழலுள்ள ஒரு பஸ் நிறுத்தம் இவை அலங்காரமல்ல.

திரும்பி வந்து கிரஷர் தூசியைப் பற்றிச் சொன்னதும் அத்தையின் மகன் சிரித்தார். "உங்க சாரத்துல எழும்புற அப்பார்ட்மெண்டுக்கெல்லாம் இங்கேருந்துதான் ஜல்லி போவுது." என் வீட்டுத் தளத்தின் அனலிலும் இந்த ஊருக்குப் பங்கிருக்கக்கூடும். குறைந்த செலவில் இங்கே வருவதற்கு வெகு முன்பே இந்த ஊரிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது நிறைய.

திங்கள், சாரம்

நேற்றே திரும்பிவிட்டேன். கழுத்தில் வேர்க்குரு, செருப்பில் செம்மண். தோழிகள் இருவர் அடுத்த மாதம் தாங்களும் போகிறோம் என்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கூட்டம் பிடிக்காதென்றால் பௌர்ணமியைத் தவிருங்கள். முடிந்தால் மே மாதத்தையும் விடுங்கள். மார்கழி, தை நல்லது. கோயிலுக்கு விடியற்காலை, கல்மரத்துக்கு மாலை, நடுவில் வெளியே தலைகாட்டாதீர்கள். கடைசி பஸ் எப்போது என்று போனதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டிலாவது தங்கினால் ஒரு தண்ணீர்க் கேனும் வீட்டுக்கு வேண்டிய மளிகையும் வாங்கிக்கொண்டு போங்கள், ஒருமுறைதான் குளியுங்கள். பூங்காவில் காலடியில் கிடக்கும் சிறு சில்லுகளும் கல்மரம்தான். எடுப்பதற்குத் தடை இருக்கிறது, தடை இல்லாவிட்டாலும் எடுக்காதீர்கள். அங்கிருந்து போதுமான அளவு கல் ஏற்கெனவே நம் ஊருக்கு வந்துவிட்டது.