1,360 கோல் பெரிதா, 4 கோப்பை பெரிதா? ஆஸ்திரேலிய வீடுகளில் முடியாத லாக்கெட் - டன்ஸ்டல் பஞ்சாயத்து!

மெல்போர்ன் வீடுகளில் ஃபுட்டி கிளப் என்பது ஏறக்குறைய குலதெய்வம் மாதிரி. அப்பா எந்த கிளப்போ, பிள்ளையும் அதே கிளப். அம்மா பிறந்த வீடு வேறு கிளப் என்றால், குழந்தைக்கு முதல் ஜெர்ஸி யார் வாங்கித் தருவது என்பதிலேயே பஞ்சாயத்து தொடங்கிவிடும்.

அந்த ஊர் ஃபுட்டி நாம் டி.வி-யில் பார்க்கும் மெஸ்ஸி, ரொனால்டோ ஃபுட்பால் இல்லை. இது ஆஸ்திரேலியாவுக்கே உரிய ஆட்டம். கிரிக்கெட் நடக்கும் அதே பெரிய வட்ட மைதானங்களில், பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்தோடு மோதுவார்கள். பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தித் தட்டிவிடலாம், உதைக்கலாம். இரண்டு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி மட்டும். கோல் கீப்பர் என்று யாரும் கிடையாது.

இந்த ஆட்டத்தில் கம்பங்களுக்கு முன்னால் நின்று கோல் அடிப்பதையே வேலையாக வைத்திருப்பவர் ஃபுல் ஃபார்வர்டு. 80-களிலும் 90-களிலும் அந்த இடத்தை ஆண்டவர்கள் இருவர். ஒருவர் டோனி லாக்கெட், இன்னொருவர் ஜேசன் டன்ஸ்டல். இருவரில் யார் பெரிய ஆள்? இரண்டு பேருமே ஓய்வுபெற்று இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும், இந்தக் கேள்வி மட்டும் ஓய்வுபெறவில்லை.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

லாக்கெட், விக்டோரியா மாநிலத்தின் பாலரட் ஊர்க்காரர். அப்பாவும் ஃபுட்டி வீரர். அப்பாவின் பட்டப்பெயரான 'ப்ளக்கர்' பிள்ளைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. 1983-ல், 17 வயதில் செயின்ட் கில்டா அணிக்கு ஆட வந்தார். 100 கிலோவைத் தாண்டிய உடம்பு, அதை வைத்துக்கொண்டு முதல் சில அடிகளில் யாரையும் முந்திவிடும் வேகம். அவர் ஓடிவரும் பாதையில் நிற்க, எதிரணித் தடுப்பாளர்கள் ஒரு கணம் யோசிப்பார்கள். அந்த ஒரு கணம் அவருக்குப் போதும்.

டன்ஸ்டல் வந்த ஊர் குயின்ஸ்லாந்து. அங்கே ரக்பிதான் ராஜா. ஃபுட்டிக்கு இரண்டாம் இடம்கூடச் சந்தேகம்தான். பிரிஸ்பேனில் ஆடிக்கொண்டிருந்த அவர் 1985-ல் மெல்போர்னின் ஹாதோர்ன் கிளப்புக்கு வந்தார். பார்ப்பதற்கு விளையாட்டு வீரர் மாதிரியே இருக்க மாட்டார், பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி இருப்பார். ஆனால், பந்து வரும் திசையை எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்பார். பிடித்தால் நழுவாது.

லாக்கெட் 281 ஆட்டங்களில் 1,360 கோல். டன்ஸ்டல் 269 ஆட்டங்களில் 1,254 கோல். சராசரி பார்த்தால் லாக்கெட்டுக்கு 4.84, டன்ஸ்டலுக்கு 4.66. ஐந்து ஆட்டம் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு முழு கோல் வித்தியாசம் இல்லை! ஒரே சீசனில் 100 கோல் என்ற மலையை இருவருமே ஆறு முறை ஏறியிருக்கிறார்கள். சீசனின் அதிக கோலுக்கான கோல்மன் மெடல் லாக்கெட்டுக்கு 4, டன்ஸ்டலுக்கு 3. ஒரே ஆட்டத்தில் அடித்த அதிகபட்சம், டன்ஸ்டலுக்கு 1992-ல் ரிச்மண்டுக்கு எதிராக 17, லாக்கெட்டுக்கு 1995-ல் ஃபிட்ஸ்ராய்க்கு எதிராக 16.

1992-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் தலை சுற்றும். அந்த வருடம் லாக்கெட் அடித்தது 132 கோல். வேறு எந்த வருடமாக இருந்தாலும் அதைப் பற்றித்தான் ஊரே பேசியிருக்கும். ஆனால், டன்ஸ்டல் அடித்தது 145.

கோப்பை யாருடைய சொத்து?

ஹாதோர்ன் ரசிகரிடம் பேச்சுக் கொடுத்தால், அவர் முதலில் நீட்டுவது நான்கு விரல்களை. 1986, 1988, 1989, 1991 என நான்கு சாம்பியன் பட்டங்கள் டன்ஸ்டலிடம் உண்டு. லாக்கெட்டிடம் ஒன்றுகூட இல்லை. கோப்பை இல்லாதவரை எப்படி 'ஆல்டைம் கிரேட்' என்பது, என்று கேட்பார்.

செயின்ட் கில்டா ரசிகர் இதற்குக் கோபப்பட மாட்டார். அவருக்கு இது பழகிப்போன கேள்வி. பதிலாக ஒரு பட்டியலைச் சொல்வார். கடைசி இடம் பிடிக்கும் அணிக்கு 'மரக்கரண்டி' வாங்கியது என்று கேலியாகச் சொல்வது அந்த ஊர் வழக்கம். லாக்கெட் ஆடவந்த 1983 தொடங்கி 1986 வரை, நான்கு வருடமும் அந்த மரக்கரண்டி செயின்ட் கில்டாவுக்குத்தான். 1988-ல் மறுபடியும். டன்ஸ்டல் கோப்பையைத் தூக்கிய அதே காலத்தில், லாக்கெட் தூக்கிச் சுமந்தது ஒரு தோற்கும் அணியை.

பந்து எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஃபுல் ஃபார்வர்டு தானாகப் பந்தை உற்பத்தி செய்ய முடியாது. யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஹாதோர்னில் அப்படிக் கொடுக்க நட்சத்திரக் கூட்டமே இருந்தது. அதில் ஒருவர் ஜான் பிளாட்டன். சீசனின் சிறந்த வீரருக்கு நடுவர்கள் வாக்களித்துத் தரும் பிரவுன்லோ மெடலை 1987-ல் இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் இந்த பிளாட்டன், மற்றவர் லாக்கெட். டன்ஸ்டலுக்குப் பந்து கொண்டுவந்தவரும், பந்துக்காகக் காத்திருந்தே சலித்த லாக்கெட்டும் ஒரே மேடையில்! ஃபுல் ஃபார்வர்டு ஒருவர் பிரவுன்லோ வாங்கியது அதுவே முதல் முறை.

அதற்காக டன்ஸ்டலை 'நல்ல டீமில் இருந்த அதிர்ஷ்டசாலி' என்று ஒதுக்க முடியாது. அத்தனை நட்சத்திரங்கள் இருந்த கிளப்பில், வருடத்தின் சிறந்த வீரர் விருதை அவர் நான்கு முறை வாங்கியிருக்கிறார். அதற்குக் காரணம் கோல் மட்டும் இல்லை. பந்தை இழந்தால் விட்டுவிட மாட்டார். துரத்திப் போய் மடக்குவார். தன்னைவிட நல்ல இடத்தில் தோழர் நின்றால், தான் அடிக்க வேண்டிய கோலை அவருக்குக் கொடுத்துவிடுவார். அப்படிக் கொடுத்த கோல்கள் அந்த 1,254-ல் சேராது.

அந்த முழங்கை

லாக்கெட் கட்சிக்காரர்கள் பேச விரும்பாத விஷயம் ஒன்று இருக்கிறது. 1994-ல் சிட்னி ஸ்வான்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். பந்தைப் பிடிக்க வந்த பீட்டர் கேவனின் முகத்தை லாக்கெட்டின் முழங்கை உடைத்தது. அன்று லாக்கெட் 11 கோல் அடித்தார், செயின்ட் கில்டா ஒரு புள்ளியில் ஜெயித்தது. பிறகு அவருக்கு 8 ஆட்டங்கள் தடை.

அவர் ரசிகர்களில் சிலர் இன்றும் அந்த 11 கோலை மட்டும் சொல்வார்கள். ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையை ஜூனியர் ஃபுட்டி பயிற்சிக்குக் கூட்டிப்போகும் எந்தப் பெற்றோரும் அந்த முழங்கையைக் கணக்கில் இருந்து அழிக்க முடியாது. 'அவர் மாதிரி கோல் அடி' என்று சொல்லலாம். 'அவர் மாதிரி ஆடு' என்று முழுதாகச் சொல்ல நா எழாது. டன்ஸ்டல் விஷயத்தில் அந்தத் தயக்கம் வராது. துரத்து, மடக்கு, தோழனுக்குக் கொடு என்று பத்து வயதுப் பிள்ளைக்கு அவரைக் காட்டியே பாடம் நடத்தலாம்.

பன்றி ஓடிய மைதானம்

2004-ல் சச்சின் ஆட்டமிழக்காமல் 241 ரன் எடுத்த சிட்னி கிரிக்கெட் மைதானம் நமக்குத் தெரியும். அதே மைதானம்தான் சிட்னி ஸ்வான்ஸின் சொந்த வீடு. 1993-ல் அங்கே செயின்ட் கில்டா ஆடியபோது, 'ப்ளக்கர்' என்ற பெயரும் லாக்கெட்டின் 4-ம் எண்ணும் எழுதிய ஒரு பன்றியை யாரோ மைதானத்துக்குள் அவிழ்த்துவிட்டார்கள். அவர் உடம்பைக் கிண்டல் செய்வதுதான் நோக்கம்.

இரண்டே வருடத்தில் லாக்கெட் அந்த சிட்னிக்கே ஆட வந்தார். ரக்பி ஊரில் ஃபுட்டியைக் காப்பாற்ற முடியுமா என்று எல்லோரும் கவலைப்பட்ட காலம் அது. 1992, 93, 94 மூன்று வருடமும் ஸ்வான்ஸுக்கு மரக்கரண்டி. நடுவில் தொடர்ந்து 26 தோல்விகள். லாக்கெட் வந்த பிறகு மைதானத்துக்குக் கூட்டம் வந்தது. கிண்டல் செய்த ஊர் அவரைத் தன் பிள்ளையாக்கிக்கொண்டது.

1999 ஜூன் 6-ம் தேதி, அதே மைதானத்தில் காலிங்வுட்டுக்கு எதிராகத் தன் 1,300-வது கோலை அடித்தார். அதே காலிங்வுட்டின் கார்டன் கோவென்ட்ரி 1,299 கோலோடு 1937-ல் ஓய்வுபெற்றவர். 62 வருடச் சாதனை உடைந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் வேலி தாண்டி ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொள்ள, ஆட்டமே நின்றுபோனது. பன்றி ஓடிய அதே புல் தரை!

ஒரே ஒரு புள்ளி

இந்த வழக்கை யார் நடத்தினாலும் 1996-க்கு வந்துதான் ஆக வேண்டும். மூன்றே வார இடைவெளியில், இரண்டு பேருக்கும் அவர்கள் வாழ்வின் முக்கியமான ஆட்டம் வந்தது. இரண்டு ஆட்டமும் முடிந்தது ஒரே ஒரு புள்ளியில்.

ஆகஸ்ட் 31. ஹாதோர்ன் பணமில்லாமல் தவித்த நேரம். மெல்போர்ன் கிளப்போடு இணைத்துவிடலாம் என்று திட்டம் தயாராகிவிட்டது. இணைந்தால் ஹாதோர்ன் என்ற தனி அணி இருக்காது. அந்த நேரம் பார்த்து, எம்.சி.ஜி மைதானத்தில் இரண்டு கிளப்பும் நேருக்கு நேர் மோதின. கடைசி முறையாகத் தன் அணியைப் பார்க்கிறோமோ என்ற பயத்தோடு ரசிகர்கள் வந்திருந்தார்கள். கேப்டன் டன்ஸ்டல் அன்று 10 கோல் அடித்தார். அதில் ஒன்று அந்த சீசனின் 100-வது. ஹாதோர்ன் ஒரு புள்ளியில் வென்றது. அடுத்த மாதம் நடந்த வாக்கெடுப்பில் ஹாதோர்ன் உறுப்பினர்கள் இணைப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிளப் பிழைத்தது.

செப்டம்பர் 21. சிட்னியில் இறுதிப்போட்டிக்கு முந்தைய ஆட்டம், எதிரே எஸெண்டன். இரண்டு அணிகளும் சமநிலை. தொடை இடுக்குக் காயத்தோடு ஆடிய லாக்கெட் கையில் பந்து, கம்பங்கள் 50 மீட்டருக்கும் அப்பால். முடிவுச் சங்கு ஒலித்த பிறகு உதைத்தார். பந்து கோலுக்குள் போகவில்லை. ஓரத்து இடைவெளியில் போனது. ஒரு புள்ளி. அது போதுமாக இருந்தது. 1945-க்குப் பிறகு முதன்முறையாக அந்த கிளப் இறுதிப்போட்டிக்குப் போனது. இறுதிப்போட்டியில் லாக்கெட் 6 கோல் அடித்தும், கோப்பையை நார்த் மெல்போர்ன் கொண்டுபோனது. ஆனால், 1,360 கோல் அடித்தவரைப் பற்றி சிட்னிக்காரர்களிடம் கேட்டால், அவர்கள் முதலில் சொல்வது கோலாக மாறாத அந்த ஒரு உதையைத்தான்.

அப்படியென்றால் தீர்ப்பு?

கோல் அடிக்கும் கலையில் லாக்கெட் ஒரு படி மேலே. 1991-ல் 17 ஆட்டங்களில் 127 கோல் அடித்ததை எந்த வாதமும் தள்ளிவைக்க முடியாது. ஆனால், ஓர் அணியைக் கட்ட முதல் ஆளாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், டன்ஸ்டல் பெயரைச் சொல்வதே நியாயம். கோலும் கிடைக்கும், கூட இருப்பவர்களும் வளர்வார்கள், யாருடைய முகமும் உடையாது. ஓய்வுக்குப் பிறகும் 2004-ல் ஹாதோர்ன் தடுமாறியபோது தற்காலிக நிர்வாகத் தலைவராக வந்து உட்கார்ந்தார். அந்த ஆண்டு பயிற்சியாளராக வந்த அலஸ்டர் கிளார்க்சன், 2008-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

ஆஸ்திரேலிய ஃபுட்டியின் உச்ச கௌரவமான 'லெஜண்ட்' அந்தஸ்து லாக்கெட்டுக்கு 2015-ல் கிடைத்தது. டன்ஸ்டல் 2024 வரை காத்திருந்தார். அந்த ஒன்பது வருட இடைவெளி, பார்த்தவர்கள் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. சேர்ந்து ஜெயிப்பவரைவிடத் தனியாகப் போராடுபவரைத்தான் மக்களுக்குப் பிடிக்கிறது. எல்லா ஊரிலும் அப்படித்தான்.

செயின்ட் கில்டா ரசிகர் இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அந்த கிளப்பின் வரலாற்றில் ஆண்கள் அணி வென்ற ஒரே கோப்பை 1966-ல் வந்தது. லாக்கெட் பிறந்த அதே வருடம். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, சனிக்கிழமை மதியம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. அணி தோற்கும் என்று தெரிந்தே போனார்கள். ப்ளக்கர் இன்று எத்தனை அடிப்பார் என்று எண்ணுவதற்காகப் போனார்கள்.