வெற்றி என்று பெயர்கொண்ட இரு ஊர்கள்

விஜயநகரம், விஜயபுரம் ஆகிய இரு பெயர்களுக்கும் பொருள் ஒன்றே: வெற்றியின் ஊர். முன்னது, துங்கபத்திரைக் கரையில் 1336ல் தோன்றியதாக மரபு சொல்லும் பேரரசின் தலைநகர், இன்றைய ஹம்பி. பின்னது, கல்யாணிச் சாளுக்கியர் காலத்தில் விஜயபுரம் என்றிருந்து, பின்பு பீஜப்பூராகி, 2014ல் கர்நாடக அரசால் மீண்டும் விஜயபுரா என்று பெயர் மாற்றப்பட்ட ஊர். 1565 ஜனவரியில் பீஜப்பூர் உள்ளிட்ட தக்காணச் சுல்தான்களின் கூட்டணி விஜயநகரத்தை வீழ்த்தியது. 121 ஆண்டுகள் கழித்து, 1686ல், ஔரங்கசீப்பின் படை பீஜப்பூரை வீழ்த்தியது. இவ்விரு ஊர்களையும் ஒரே பயணத்தில் அடுத்தடுத்துப் பார்ப்பதென்று நாங்கள் ஆறு நண்பர்கள் புறப்பட்டோம்.

ஹம்பியைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பீஜப்பூரைப் பற்றி இருந்தது. ராபர்ட் சூவெல் 1900ல் எழுதிய விஜயநகர வரலாற்றைப் பலமுறை படித்தவர் எங்கள் தஞ்சாவூர் நண்பர். "தோற்றவர்களின் ஊரைப் பார்த்த கண்ணோடு, அதை அழித்தவர்களின் கல்லறையை எப்படி ரசிப்பது?" என்று அவர் கேட்டார். எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல அது. ஆகவே பதில் சொல்லாமல் அதையும் உடன் எடுத்துச்சென்றோம்.

ஹம்பியில் மூன்று நாட்கள் தங்கினோம். 6.7 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக்கல் நரசிம்மர், கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1528ல் செதுக்கப்பட்டவர். மடியிலிருந்த இலட்சுமி இன்று இல்லை. இறைவனின் முதுகை அணைத்த அவளுடைய கை மட்டும் எஞ்சியிருக்கிறது. அதன் முன் நின்றபோது எவரும் பேசவில்லை. போருக்கு இரண்டாண்டுகள் கழித்து, 1567ல் இங்கு வந்த வெனிஸ் நாட்டு வணிகர் சீசர் ஃபெடரிசி, வீடுகள் நிற்கின்றன, ஆனால் அவற்றில் விலங்குகளே வாழ்கின்றன என்ற பொருள்பட எழுதிவைத்திருக்கிறார். அந்த அழிவை எந்த வாதத்தாலும் சிறிதாக்க இயலாது.

ஆயினும் ஹம்பியின் கற்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. தாமரை மகாலின் வளைவுகள் சுல்தானியக் கட்டடங்களில் காணும் வளைவுகள். அவற்றின் மேல் எழும் அடுக்குக் கூரைகளோ கோயில் விமானத்தின் சாயல் கொண்டவை. யானைக் கொட்டிலின் 11 அறைகள் மீதும் விதவிதமான குவிமாடங்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாம் தேவராயரின் அலுவலரான அகமது கான் என்பவர் 1439ல் கட்டிய பள்ளிவாசல் இங்கேயே, விஜயநகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கல்வெட்டு அதைத் தருமசாலை என்று குறிக்கிறது. விஜயநகர மன்னர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட விருதுகளுள் ஒன்று 'இந்துராய சுரத்ராண', அதாவது இந்து மன்னர்களுள் சுல்தான் என்பது. பகைவனின் பட்டத்தை வசவாகக் கருதியிருந்தால் யாரும் அதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஹொசப்பேட்டையிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் பயணம். கற்குன்றுகள் மெல்ல மறைந்து கரிசல் நிலம் விரிகிறது. கிருஷ்ணை ஆற்றைக் கடந்தோம். தலைக்கோட்டைப் போர் என்று நாம் படித்தது இந்த ஆற்றின் கரையில்தான், ரக்கசகி, தங்கடகி என்னும் இரு சிற்றூர்களை ஒட்டி நிகழ்ந்தது. வழியில் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் உண்டபடி, பெரிஷ்தா எழுதிய ஒரு செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். விஜயநகரத்தின் ராமராயருடைய மகன் இறந்தபோது, பீஜப்பூரின் இளம் சுல்தான் முதலாம் அலி துக்கம் விசாரிக்க நேரில் விஜயநகரம் சென்றாராம். ராமராயரின் மனைவி அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டாராம். பின்னர் அகமதுநகருக்கு எதிராக இருவரும் சேர்ந்தே போரிட்டிருக்கிறார்கள். அந்த அலிதான் 1565ல் எதிரணியில் நின்றார். அந்தப் போரில் ராமராயரின் தலை வெட்டப்பட்டது. முன்பின் அறியாத இருவர் மோதிய போரல்ல அது.

பீஜப்பூரில் முதலில் கோல் கும்பஸ். 1656ல் மறைந்த முகமது ஆதில் ஷாவின் கல்லறை. நடுவே ஒரு தூண்கூட இல்லாமல், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் எட்டு வளைவுகளின் மேல், வெளிப்புறம் 44 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் அமர்ந்திருக்கிறது. மூலைக் கோபுரத்தின் ஏழு நிலைப் படிகளில் ஏறி உள்மாடத்தை அடைந்தால், ஒரு பக்கம் முணுமுணுத்தது எதிர்ப்பக்கம் தெளிவாகக் கேட்கிறது. நாங்கள் சென்ற நேரம் பள்ளிப் பிள்ளைகள் நூறு பேர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே சுல்தானும் அவருடைய மனைவியரும் ரம்பா என்னும் நாட்டியப் பெண்ணும் துயில்கிறார்கள். அத்தனை பெரிய அமைதிக்காகக் கட்டப்பட்ட இடத்தில் இன்று அமைதி மட்டுமே இல்லை. பிள்ளைகளின் கூச்சல் எங்களுக்குப் பிடித்திருந்தது.

கோட்டைச் சுவரின் ஒரு கொத்தளத்தில் மாலிக்-இ-மைதான் பீரங்கி கிடக்கிறது. 1549ல் அகமதுநகரில் வார்க்கப்பட்டது. எடை ஏறத்தாழ 55 டன். அதன் வாய், யானையை விழுங்கும் சிங்கத்தின் வாயாக வடிக்கப்பட்டிருக்கிறது. தலைக்கோட்டையில் முழங்கியது இதுவே என்பது மரபுச் செய்தி. ஊரைப் பிடித்த பின் ஔரங்கசீப் தம் வெற்றியை இதன் மேலேயே பொறிக்கச் செய்தார். 1854ல் ஆங்கிலேய ஆட்சியில் இது ஏலத்துக்கு வந்து, 150 ரூபாய்க்குக் கேட்கப்பட்டு, பின்னர் அந்த விற்பனை ரத்தானது. மூன்று ஆட்சிகளின் வெற்றிக்கும் இந்த ஒரே உலோகம் சாட்சியாக இருந்து, கடைசியில் பழைய இரும்புக்கடையின் விலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இப்ராகிம் ரௌஸா இதற்கு நேர் எதிர். 1580 முதல் 1627 வரை ஆண்ட இரண்டாம் இப்ராகிம் ஆதில் ஷாவின் கல்லறையும், அதை நோக்கி நிற்கும் பள்ளிவாசலும் ஒரே மேடையில் அமைந்திருக்கின்றன. சன்னல்களில் எழுத்துகளையே துளைகளாக்கிக் கல்லில் குடைந்திருக்கிறார்கள். மாலை வெயில் அரபு எழுத்துகளின் வழியாக உள்ளே நுழைகிறது. இந்த மன்னர் தக்கணி மொழியில் இயற்றிய இசைப்பாடல் நூலான 'கிதாப்-இ-நௌரஸ்', சரஸ்வதியையும் கணபதியையும் போற்றுகிறது. 'நௌரஸ்' என்பது நம் நவரசம்தான். தம் தம்புராவுக்கு மோதி கான் என்று பெயரிட்டுக் கொஞ்சியவர். விஜயநகரம் சாம்பலானது இவர் அரியணை ஏறுவதற்கு வெறும் 15 ஆண்டுகளுக்கு முன்புதான். அந்தச் சாம்பலையும் இந்தச் சரஸ்வதியையும் ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்துவிடாமல் ஒருசேர நினைவில் கொள்வது கடினமாக இருந்தது. வரலாற்றைப் படிப்பதன் பயனே அந்தக் கடினத்தைப் பழகிக்கொள்வதுதான் என்று நினைக்கிறோம்.

தஞ்சாவூர் நண்பர் அதிக நேரம் நின்ற இடம் பாரா கமான். இரண்டாம் அலி ஆதில் ஷா தமக்காகத் தொடங்கி, 1672ல் அவர் மறைந்தபோது முடிவடையாமல் நின்றுபோன கல்லறை. கூரையற்ற கருங்கல் வளைவுகள் வானத்தை ஏந்தி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஹம்பியின் ஓர் இடிபாடு என்றே கொள்ளலாம். அவருக்குப் பின் வந்த சிக்கந்தர் 18 வயதில் ஔரங்கசீப்பிடம் சரணடைந்து, 1700ல் சிறைப்பட்டவராகவே இறந்தார். அந்த வமிசத்தின் கடைசி மன்னருக்குப் பீஜப்பூரில் வாய்த்தது குவிமாடம் ஏதுமற்ற, திறந்த வானத்தின் கீழுள்ள எளிய சமாதி.

அன்றிரவு விடுதியில் பேச்சு தஞ்சாவூரை நோக்கித் திரும்பியது. தஞ்சையை முதலில் ஆண்ட நாயக்கர்கள் விஜயநகரத்தின் பிரதிநிதிகள். 1670களில் அவர்களிடமிருந்து தஞ்சையைக் கைப்பற்றிய ஏகோஜி, பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவர். சிவாஜியின் ஒன்றுவிட்ட தமையன் அல்லது தம்பி முறையினர் அல்லர், தந்தைவழிச் சகோதரரே. அவர் வழியினர்தான் 1855 வரை அங்கே இருந்தார்கள். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த சரபோஜியும் அவ்வழியே. நாயக்கர் கட்டிய அரண்மனையிலேயே மராட்டியரும் வாழ்ந்தார்கள், அதையே விரித்துக் கட்டினார்கள். நண்பர் சிறுவயதிலிருந்து ஏறி இறங்கிய அந்த ஒரே அரண்மனையின் படிக்கட்டுகளில் துங்கபத்திரையும் இருக்கிறது, பீஜப்பூரும் இருக்கிறது.

தம் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நரசிம்மரின் மடியிலிருந்து காணாமற்போன உருவம் அவருக்கு இன்னும் வலிக்கிறது, எங்களுக்கும்தான். ஆனால் மறுநாள் காலை, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில், இப்ராகிம் ரௌஸாவை இன்னொருமுறை பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டவர் அவரே. ஹம்பி செல்லும் நண்பர்கள் அங்கேயே திரும்பிவிடாமல் மேலும் ஒரு நாளை பீஜப்பூருக்கு ஒதுக்கவேண்டும். குளிர்காலம் உகந்தது. ரௌஸாவுக்கு மாலையில் செல்லுங்கள். அப்போதுதான் அந்தச் சன்னல்கள் வாசிக்கக் கிடைக்கும்.