ஊசி போட்டுக்கொண்டா ஊருக்குப் போவார்கள்?

தமிழ்நாட்டுக்குக் கிளம்பும் ஈப்போக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தால் பாதி மருந்தாகத்தான் இருக்கும். கோடாலித் தைலம் டஜன் கணக்கில், டைகர் பாம், பெரியப்பாவின் முட்டிவலிக்கு ஒட்டும் பிளாஸ்டர், பனடோல் அட்டைகள். இடுக்கில் மைலோவும் வெள்ளைக் காப்பியும். எல்லாம் அங்கே இருப்பவர்களுக்கு. போகிற நமக்கு என்ன வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தடுப்பூசி என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் போட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கியவள்.

எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் உம்ராவுக்குப் போனார். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அட்டையைக் கடப்பிதழோடு வைத்து ரப்பர் வளையம் மாட்டியிருந்தார். சவூதிக்குள் போக அது கட்டாயம். போய்ச் சேருவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஒருவர் கென்யாவுக்குச் சிங்கம் பார்க்கப் போனார். மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம்மூர் விமான நிலையத்திலேயே மடக்கிவிடுவார்கள் என்று அவரும் போட்டுக்கொண்டார். அதிகாரி கேட்கிறார், அதனால் ஊசி. திருச்சியில் இறங்கும் மலேசியரிடம் எந்த அதிகாரியும் எந்த அட்டையும் கேட்பதில்லை. அதனால் போட வேண்டியது ஒன்றுமில்லை என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம்.

இதற்கு வேர் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. என் தாத்தா நாகப்பட்டினம் முகாமிலிருந்து கப்பலேறி வந்தவர். தோட்டக் கூலிகளை ஏற்றி அனுப்புவதற்கு இந்திய அரசு 1938-ல் தடை போட்டதே, அதற்குக் கொஞ்ச காலம் முந்தி. முகாமிலேயே அம்மை குத்திவிட்டார்கள். பினாங்கு வந்தும் நேரே கரை இறங்க விடவில்லை. ஜெரெஜாக் தீவில் நிறுத்திவைத்து, நோய்நொடி இல்லை என்று பார்த்த பிறகே சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தாத்தாவின் தோளில் அம்மை குத்திய தழும்பு கடைசிவரை வட்டமாகப் பளபளத்தது. தோட்டத்தில் மலேரியாவுக்குக் கொய்னா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, தோட்டத்து மருந்தாளான டிரெஸர் கசப்புத் தண்ணீரை வாயில் ஊற்றி, விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். ஆள் காய்ச்சலில் படுத்தால் பால் வெட்ட ஆள் இல்லை. துரைமாரின் அக்கறை அந்தக் கணக்கில் பிறந்தது. என் காலத்தில் ஆயாக்கொட்டகைக்கு நர்ஸ் வந்தார். பள்ளிக்கு வேன் வந்தது. ஆறாம் வகுப்பில் பி.சி.ஜி. போட்டார்கள்.

ஆக மூன்று தலைமுறையாக ஊசி எங்களைத் தேடி வந்திருக்கிறது. நாங்கள் தேடிப் போனதில்லை. காய்ச்சல் வந்தால் டிரெஸரிடம் போவோம். உடம்பு நன்றாக இருக்கும்போது போய், ‘இன்ன ஊருக்குப் போறேன், என்ன செய்யணும்’ என்று கேட்கும் பழக்கம் எங்கள் லயத்தில் யாருக்கும் இருந்ததில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை இடித்தார்கள், நாங்கள் தாமானுக்கு வந்தோம், டிரெஸரும் போய்விட்டார். பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு டிசம்பர் பள்ளி விடுமுறையில் அம்மா, நான், என் தம்பி மூவரும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனோம். முசிறிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெரியம்மா வாசலிலேயே செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மருமகள் விவரமான பெண். “அத்தாச்சி, காய்ச்சி ஆற வச்சது இருக்கு, அதைத் தரட்டுமா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். “நாங்க ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்தவங்கம்மா, எங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன். செம்பை அண்ணாந்து குடித்து முடித்தேன். என் அடிமனதில் ஓடியது வேறு. வெளிநாட்டிலிருந்து வந்தவள் பாட்டில் தண்ணீரும் கையுமாக அலட்டுகிறாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அது பணிவு என்று அன்றைக்கு நினைத்தேன். பெருமைதான், வேறு சட்டை போட்ட பெருமை.

நோய் அந்தச் செம்பிலிருந்துதான் வந்தது என்று சொல்ல மாட்டேன். பேருந்து நிலையத்தில் ஐஸ் போட்டுக் கரும்புச்சாறு குடித்தேன், கோயில் வாசலில் நறுக்கி வைத்த மாங்காய் தின்றேன். பெரியம்மா வீட்டின் மேல் பழி போடுவது அநியாயம்.

ஜனவரியில் பள்ளி திறந்த பிறகு காய்ச்சல் கண்டது. காலையில் தணியும், சாயங்காலம் ஏறும். ஈப்போவில் காய்ச்சல் என்றால் முதலில் டிங்கிதானே. ரத்தம் எடுத்தார்கள், டிங்கி இல்லை என்று வந்தது. மறுபடி எடுத்தார்கள். “அண்மையில வெளிநாடு எங்கேயாவது போனீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “இல்லை” என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வியும் முசிறியும் என் மனதில் சேரவே இல்லை. சோறு இறங்காமல், நடந்தால் சுவரைப் பிடிக்கும் நிலையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே பயிற்சி டாக்டர், சின்னப் பெண், ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தவள் என் மணிக்கட்டில் சாயம் போன மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டாள்.

“டீச்சர், இது எங்க கட்டினது?”

“சமயபுரம்.”

“எப்ப?”

சொன்னேன். கையிலிருந்த சின்ன ரத்தக் குப்பியை வைத்துவிட்டு, நுண்ணுயிர் வளர்த்துப் பார்க்கும் பெரிய குப்பிகளை எடுத்துவந்தாள். டைபாய்ட். கிருமி உடம்பில் புகுந்து ஒன்றிலிருந்து மூன்று வாரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் காய்ச்சல் காட்டும்; கவனிக்காமல் விட்டால் மூன்றாவது வாரத்தில் குடலில் ஓட்டை விழுவதும் உண்டு. நான் அந்த எல்லைக்குப் போவதற்குள் மருந்து ஏறியது.

டைபாய்ட் கண்டால் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். அதிகாரி வீட்டுக்கு வந்தார். யார் சமைக்கிறார்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். என் தம்பி சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். அவனை விடாமல் கேட்டார். அவன் கடையில் லைசென்ஸுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினான். டைபாய்ட் தடுப்பூசி அட்டை. மலேசியாவில் உணவைக் கையாளுகிறவர்களுக்கு 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைப்படி அது கட்டாயம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. அதே செம்புத் தண்ணீர், அதே கரும்புச்சாறு. அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. “அக்கா, மாநகர் மன்றம் வந்து சோதிக்குமேன்னு போட்டது” என்று தலையைச் சொறிந்தான். ஒரே ஒரு ஆளை வைத்து ஊசிதான் காப்பாற்றியது என்று சொல்லிவிட முடியாது, அந்த ஊசி எல்லாரையும் காப்பதும் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். சரிதான். ஆனாலும் ஈப்போவில் எத்தனையோ கிளினிக்குகளில் சாதாரணமாகக் கிடைக்கிற ஊசி அது. பரோட்டா போடுகிறவருக்கு உரியது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அம்மாவின் கால் தனிக் கதை. அதே பயணத்தில் ஸ்ரீரங்கத்தில் உச்சி வெயிலில் வெளிப் பிராகாரத்தைச் சுற்றினோம். நாங்கள் தத்தித் தத்தி நிழலுக்கு ஓட, அம்மா மட்டும் நிதானமாக நடந்து வந்தார். பக்தி என்று வியந்தேன். இரவு லாட்ஜில் கால் கழுவும்போது பார்த்தால் இரண்டு பாதத்திலும் கொப்புளம். இனிப்புநீர் அவர் பாத நரம்புகளின் உணர்ச்சியைத் தின்றிருந்தது. சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. மலேசிய இந்தியர்களில் பெரியவர்களாகிவிட்ட பத்துப் பேரில் மூன்று பேருக்கு இனிப்புநீர் என்கிறது 2019 தேசிய சுகாதார ஆய்வு. கோயில் யாத்திரை போகிறவர்களும் பெரும்பாலும் அம்மா வயதுக்காரர்களே. வெறுங்காலோடு கருங்கல்லில் நடக்கப் போகிற ஒரு கூட்டத்திடம், ‘தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கோங்க, ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வச்சுப் பாருங்க’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். டிக்கெட் போடும் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

அடுத்த முறை ஊருக்குப் போக நாள் குறித்ததும், பயண நாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே குடும்பத்தோடு ஒரு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். இருக்கிற ஊசியெல்லாம் போடச் சொல்லிக் காசு பிடுங்குவார் என்று பயம். அவர் கேள்விகளாகக் கேட்டார். எந்த மாதம், எத்தனை நாள், லாட்ஜா உறவுக்காரர் வீடா, என்னென்ன மாத்திரை. உறவுக்காரர் வீடு என்றதும் நிமிர்ந்தார். ஹோட்டலில் தங்கும் சுற்றுலாக்காரரைவிட, சொந்தபந்தம் பார்க்கப் போகிறவர்களுக்கே டைபாய்டும் மலேரியாவும் அதிகம் வருகிறது என்று உலகம் முழுக்கக் கண்டிருக்கிறார்களாம். அதிக நாள் தங்குகிறோம், கொடுத்ததைச் சாப்பிடுகிறோம், முன்கூட்டி டாக்டரைப் பார்ப்பதும் இல்லை.

டைபாய்ட் ஊசி எல்லாருக்கும், இரண்டு வாரத்துக்கு முன்னால். ஒருமுறை வந்துவிட்டதே என்றேன். வந்தவருக்கும் மறுபடி வரும் என்றார். மஞ்சள் காமாலை ஏ வகைக்கு வந்தபோது ஆச்சரியமான ஒன்றைச் சொன்னார். அம்மாவுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் சிறு வயதிலேயே வந்துபோயிருக்கும், எதிர்ப்பு ஆயுளுக்கும் நிற்கும், வேண்டுமானால் ரத்தம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். குழாய்த் தண்ணீரில் வளர்ந்த என் மகளுக்கு அந்த எதிர்ப்பு கிடையாது, பெரியவளான பிறகு வந்தால் குழந்தைக்கு வருவதைவிடக் கடுமையாக வரும். ‘எஸ்டேட் உடம்பு’ என்று நான் பீற்றிக்கொண்டது அம்மாவின் உடம்பை. அதை நிலம் மாதிரி மகள் பேருக்கு எழுதிவைக்க முடியாது.

வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசி உண்டு, ஒரு வார இடைவெளியில் இரண்டு. குறுகிய பயணம் என்பதால் அவசியமில்லை என்றார். ஆனால் நாயோ கோயில் குரங்கோ கடித்தால், பிறாண்டினால்கூட, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மலேசியா திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது என்று மகளைத் திரும்பச் சொல்ல வைத்தார். அம்மாவின் இன்சுலினைக் கைப்பையில் வைக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துவிடலாம். மாத்திரைகளின் மருந்துப் பெயரை எழுதி ஒரு கடிதம் கொடுத்தார், அங்கே கம்பெனிப் பெயர்கள் வேறு. இரண்டரை மணி நேர வித்தியாசத்துக்கு ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்று தாளில் போட்டுக் காட்டினார்.

கொசுவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. டிங்கி நாட்டுக்காரிக்குக் கொசு புதிதா என்ன? அவர் 2006-ஐ நினைவுபடுத்தினார். அந்த மார்ச்சில் பேராக் கரையோரம் பாகான் பஞ்சோரில் சிக்குன்குனியா வந்தது. டிசம்பரில் நம்ம கிந்தா மாவட்டத்தில் மறுபடி வந்தது, ஆனால் வேறு வகைக் கிருமி. அதே வருஷம் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேலானவர்களை மூட்டுமூட்டாக முடக்கிப் போட்ட வகை அது. கிருமிக்குக் கடப்பிதழ் கிடையாது. யாரோ ஒருவர் ரத்தத்தில் வந்தால் போதும், மீதியை ஈப்போக் கொசு பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து வந்த பிறகும் இரண்டு வாரம் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கம்பக்கத்துக்காக.

எந்த நோய்க்கு எந்த ஊசி என்று தெரிந்து போட வேண்டும் என்பதற்கும் கிந்தாவே சாட்சி. 1998 செப்டம்பரில் இந்தப் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் விழத் தொடங்கியபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து அதற்கான தடுப்பூசியைப் போட்டார்கள், கொசுவுக்குப் புகை அடித்தார்கள். நிற்கவில்லை. அது நிப்பா என்று அடுத்த ஆண்டில் தெரிவதற்குள் நெகிரி செம்பிலான்வரை போய்விட்டது. மொத்தம் 105 பேர் இறந்தார்கள். நிப்பா 2018-ல் கேரளத்திலும் தலைகாட்டியது.

இந்தத் தடவை பெரியம்மா வீட்டில் மருமகளிடம் நானே கேட்டு வாங்கிக் காய்ச்சின தண்ணீர் குடித்தேன். அவள் ஒன்றும் நினைக்கவில்லை. அவள் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள். ஊசி போட்டிருந்த தைரியத்தில் பந்தியில் சூடாகப் போட்ட எதையும் தட்டாமல் சாப்பிட்டேன். அம்மா காலுறையோடு பிராகாரம் சுற்றினார்.

போன மாதம் பள்ளித் தோழி ஒருத்தி அழைத்தாள். மதுரைப் பக்கம் கல்யாணம், அடுத்த வாரமே விமானம், ஒரு மாதம் தங்கல். “இனிமே ஊசி போட்டு என்னடி பிரயோசனம்?” என்றாள். டாக்டரிடம் போ என்றேன். காமாலை ஊசி இப்போதும் பயன்படும், டைபாய்ட் ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், மீதி நாளுக்காவது காவல், அதுவரை வாயைக் கட்டு என்று சொல்லி டாக்டர் இரண்டையும் போட்டிருக்கிறார். அவள் வீட்டுக்காரர், மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக ஊசி எதற்கு என்று கிளினிக் வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தாராம். டாக்டர் ஆளனுப்பிக் கூப்பிட்டு, வந்தது வந்தீர்கள் என்று ரத்த அழுத்தம் பார்த்தால், நூற்று எண்பது. அவருக்கும் ஒரு மருந்துச் சீட்டு.