ஹிரக் ராஜாவும் இரண்டாம் பாகங்களும்

காணொளி விளையாட்டுகளில் இனிப் புதிதாக எதுவும் வராது, எல்லாம் இரண்டாம் பாகம், ஆறாம் பாகம்தான் என்னும் புலம்பலை நண்பர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். (2023 டிசம்பரில் ஜிடிஏ 6-இன் முன்னோட்டத்திற்காகத் தூக்கம் விட்டவர்களும் இவர்களே.) எனக்கு அதில் பாதி உடன்பாடுதான்.

பிராகு மொழியியலாளர் வில்லெம் மத்தேசியுஸ் ஒரு வாக்கியத்தில் இரு கூறுகளைக் கண்டார்: கேட்பவர் ஏற்கெனவே அறிந்தது, அதைப் பற்றிப் புதிதாகச் சொல்லப்படுவது. முழுக்கப் புதியதால் ஆன பேச்சைப் பற்றிக்கொள்ளப் பிடிமானம் இருக்காது. அறிந்ததையே திருப்பிச் சொன்னால் அதில் செய்தி இருக்காது. தொடர் பாகம் என்பது இந்த அமைப்பின் பெரிய வடிவம். ஆகவே அது தொடர்ச்சியா என்பதைவிட, அறிந்ததன்மேல் எதை ஏற்றுகிறது என்பதே கேட்கத்தக்கது.

கொல்கத்தாவில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. சத்யஜித் ராய் 1969-இல் எடுத்த 'கூபி காயேன் பாகா பாயேன்' பெருவெற்றி கண்டது. அதன் தொடர்ச்சியான 'ஹிரக் ராஜார் தேஷே' வந்தது 1980-இல். அதே கூபி, அதே பாகா, அதே வரங்கள். ஆனால் எதிரே நின்றவன் குடிமக்களின் மூளையை இயந்திரத்தால் சலவை செய்யும் அரசன். நெருக்கடிநிலையைக் கடந்துவந்த நாடு அவனை அடையாளம் கண்டுகொண்டது. பழகிய முகங்கள் இல்லாதிருந்தால் சிறுவர் படமொன்று அத்துணைத் துணிச்சலான பொருளைச் சுமந்திருக்குமா என்பது ஐயமே.

விளையாட்டுத் துறையில் அந்தப் பதினோர் ஆண்டுப் பொறுமை கிடைப்பதில்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா வரிசையின் அடுத்த பாகமாகத் தொடங்கிய முயற்சியே உருமாறி, 2007-இல் அசாசின்ஸ் கிரீட் என்னும் புதுப்படைப்பாக வெளிவந்தது. பிறகு 2009 முதல் ஆண்டுக்கொரு முதன்மைப் பாகம். 2014-இன் யூனிட்டி பிழைகள் மலிந்து வந்து நகைப்புக்குள்ளாக, யூபிசாஃப்ட் மன்னிப்புக் கேட்டது. 2016-இல் முதன்மைப் பாகம் எதுவும் வெளியிடாமல், மறு ஆண்டு பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட ஆரிஜின்ஸுடன் அவ்வரிசை மீண்டெழுந்தது. கெடுத்தது தொடர்ச்சியன்று, நாட்காட்டி.

நான் உடன்படும் மற்றப் பாதி பணத்தைப் பற்றியது. இதே நகரத்தின் ஒளிப்படக் கலைஞர் லீனா கேஜ்ரிவால், இங்குள்ள ஃப்ளையிங் ரோபோ ஸ்டுடியோஸுடன் இணைந்து 2016-இல் 'மிஸ்ஸிங்' என்னும் கைபேசி விளையாட்டை வெளியிட்டார். பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்ட பெண்ணாக நாமே ஆடி, தப்பும் வழியைத் தேட வேண்டும். எந்தப் பெருநிறுவனத்தின் சந்தைக் கணக்கிலும் அடங்காத கரு. அதற்கும் ஒரு தொடர்ச்சி திட்டமிடப்பட்டது. கதையை முழுமையாகச் சொல்ல 2018-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். பெருநிறுவனத்துக்கு இரண்டாம் பாகம் உறுதியான வருவாய். இவர்களுக்கோ அதுவும் முதற்பாகத்தைப் போலவே துணிந்து இறங்க வேண்டிய காரியம்.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு இது அயலான செய்தியன்று. முன்னோர் ஆய்வின் நீட்சியாக அமையும் திட்டத்தை நிதிக்குழு எளிதில் புரிந்துகொள்கிறது. எவரும் தொடாத மொழிக்கு முதல் இலக்கணம் எழுதப் புறப்படுபவரிடம் முன்னாய்வுகள் எங்கே என்று கேட்கிறது. ஜிடிஏ 5 இருபது கோடிப் படிகளுக்குமேல் விற்றிருக்கிறது. அத்தகைய வரவில் ஒரு சிறு பங்கையேனும், விற்குமா என்று எவராலும் சொல்ல முடியாத முதற்பாகங்களுக்கு ஒதுக்குமாறு வெளியீட்டாளர்களைக் கேட்பது பேராசையாகாது.